தில்லியில் ராத்திரிக்கு என்ன செய்வது? புதிதாக வந்தவர்களுக்கு

தில்லிக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் "சீதாஃபல், சீதாஃபல்" என்று ஒரு தள்ளுவண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். நான் அப்போது முனிர்காவில் மொட்டைமாடி ஒற்றை அறையில் இரண்டு நண்பர்களோடு இருந்தேன். பர்சாத்தி என்பார்கள் அதை. சீதாப்பழம் தின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாலு மாடி இறங்கி ஓடினால், வண்டி நிறைய மஞ்சள் பூசணிக்காய். தில்லியில் பூசணிக்குத்தான் அந்தப் பெயர். நம் சீதாப்பழம் இங்கே ஷரீஃபா. ஓடி வந்த கூச்சத்துக்கு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு மேலே ஏறி, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தோம். அன்றைக்கு "ராத்திரிக்கு என்ன?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

பதினைந்து வருஷம் இங்கே சமைத்துப் பார்த்த பிறகும் நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதைத்தான். ஊரில் சாப்பிட்டதை மனதில் வைத்துக்கொண்டு அதற்கான காயைத் தேடி அலையாதீர்கள். வண்டியில் என்ன வந்திருக்கிறதோ அதை நம் பக்குவம் எதில் நுழைக்கலாம் என்று பாருங்கள். கூட்டு, பொரியல், மசியல், புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, துவையல்: இந்த ஆறும் கை வந்தால் தில்லிக் காய் எதுவும் தப்பிக்காது.

முடிவைக் காலை டீயோடு எடுங்கள்

சாயங்காலம் ஏழு மணிக்கு, மெட்ரோவில் நெருக்கியடித்து நின்றுகொண்டு யோசித்தால் மேகியைத் தவிர எதுவும் தோன்றாது. காலையில் டீ கொதிக்கும் நேரம் போதும். முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து, எது இன்றைக்குச் செய்யாவிட்டால் நாளைக்கு வீணாகும் என்று பாருங்கள். பாதி வதங்கிய வெந்தயக்கீரைக் கட்டுக்குத்தான் முதல் உரிமை, நேற்று வாங்கிய முட்டைக்கோசு வாரம் முழுக்கக் காத்திருக்கும். அப்புறம் மாவு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஊறவைக்க ஏதாவது உண்டா என்பது. கொண்டைக்கடலையோ காராமணியோ காலையில் ஊறப்போட்டுவிட்டால் பாதி முடிவு முடிந்தது. சாயங்காலம் திரும்பி வந்து மனம் மாற முடியாது, அது ஒரு நிம்மதி. அடைக்குப் போடுகிற அரிசி பருப்பை மட்டும் மே, ஜூனில் வெளியே வைத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். திரும்பி வரும்போது நுரைத்திருக்கும். ஃபிரிட்ஜில் ஊறட்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. "எதுவானாலும் சரி" என்பார்கள், செய்து வைத்ததும் முகம் சுளிப்பார்கள். "ரசமா, மோர்க்குழம்பா?" என்று இரண்டைச் சொல்லிக் கேளுங்கள். என் மனைவி இந்த உத்தியைக் கண்டுபிடித்து ஆறேழு வருஷமாகிறது. இன்னும் வேலை செய்கிறது.

வண்டிக்காரரிடம் வாங்குவது

நான் முதல் தடவை வெண்டைக்காய் வாங்கியபோது "பீஸ் ருப்பயே" என்றார். இருபது ரூபாய், மலிவுதான் என்று ஒரு கிலோ நிறுக்கச் சொன்னேன். எண்பது ரூபாய் கேட்டார். அவர் ஏமாற்றவில்லை. தில்லியில் வண்டிக்காரர்கள் பல காய்களுக்குப் பாவ் விலைதான் சொல்வார்கள். ஒரு பாவ் கால் கிலோ. அதனால் விலை கேட்டதும் "கிலோ யா பாவ்?" என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். டேட் பாவ் என்றால் 375 கிராம், தீன் பாவ் முக்கால் கிலோ, சவா கிலோ ஒன்றேகால், டேட் கிலோ ஒன்றரை, டாய் கிலோ இரண்டரை. இந்த ஐந்தும் தெரிந்தால் ஹிந்தி தெரிந்த மாதிரிதான்.

காயெல்லாம் நிறுத்த பிறகு, "பையா, தனியா மிர்ச்சி டால் தோ" என்று சொல்லுங்கள். ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் நாலு பச்சைமிளகாயும் காசு இல்லாமல் பையில் விழும். நம் ஊரில் கறிவேப்பிலை கொசுறு வாங்குகிற மாதிரி. மழைக்காலத்தில் கொத்தமல்லி விலை ஏறும்போது மட்டும் அவர் காது கேளாதவர் போல் இருப்பார்.

வாரச்சந்தையை விடாதீர்கள். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு கிழமைக்கு ஒன்று கூடும்; செவ்வாயென்றால் மங்கள் பஜார், புதனென்றால் புத் பஜார், சனியென்றால் சனி பஜார். ஒன்பது மணிக்கு மேல் போனால் மிச்சத்தைக் குவித்து வைத்துத் தள்ளிவிடுவார்கள். அந்த அவசரமெல்லாம் வேண்டாம், நின்று பார்த்து வாங்கவேண்டும் என்றால் மதர் டெய்ரிக்காரர்களின் சஃபல் காய்கறிக் கடை இருக்கிறது. விலை எழுதிப் போட்டிருப்பார்கள், வாய் திறக்காமல் வாங்கலாம்.

புது முகங்கள்

கோடையில் வண்டி முழுக்கக் கொடிக்காய்தான். சுரைக்காய்க்கு லௌகி என்றும் கீயா என்றும் இரண்டு பெயர். பீர்க்கங்காய் தோரி, ஆனால் வழவழவென்று இருக்கும் கீயா தோரி வேறு, அது நுரைப்பீர்க்கு. சேப்பங்கிழங்கு அர்பி, கொத்தவரை க்வார் பலி, கோவைக்காய் குந்த்ரு, புடலை சிசிண்டா. முருங்கைக்காய் சஹ்ஜன், விலையைக் கேட்டால் ஊரில் வேலி ஓரம் காய்த்துத் தொங்கியது ஞாபகம் வரும்.

டிண்டாவை நாம் பார்த்திருக்க மாட்டோம். பச்சைத் தக்காளி போல் உருண்டையாக, மேலே மெல்லிய ரோமத்தோடு இருக்கும். சின்னதாக, அழுத்தினால் அமுங்காததாகப் பொறுக்குங்கள்; பெரியது வெறும் விதை. சுரைக்காய் மாதிரி நினைத்துக்கொண்டு கூட்டோ மோர்க்குழம்போ வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பர்வல் நம் புடலங்காய்க்குச் சித்தப்பா பிள்ளை. மேல்தோலை லேசாகச் சுரண்டி, வட்டமாக நறுக்கி, கோவைக்காய் போல மெதுவாக வதக்குங்கள். உள்ளே விதை முற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள், பல்லில் கடுக்கென்று கடிபடும்.

குளிர்காலம் வந்தால் சமையல்காரருக்கு இந்த ஊர் சொர்க்கம். உரித்து மாளாத பச்சைப்பட்டாணி, ரத்தச் சிவப்பில் கேரட், நீளநீளமான முள்ளங்கி, வெந்தயக்கீரை. பதுவா என்று ஒரு கீரை வரும், இலை சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்துக் கடைந்தால் ஊர்க் கீரை மசியலேதான். ஷல்கம் என்கிற நூக்கல் மாதிரிக் கிழங்கு, முள்ளங்கிச் சாம்பார் வைக்கிற கைக்கு அடங்கும். தடியங்காய், அதாவது வெள்ளைப் பூசணி, இங்கே பேட்டா. அதை மிட்டாயாகத்தான் எங்கும் பார்ப்பீர்கள், காயாக வண்டியில் பார்ப்பது அபூர்வம்.

மளிகை

முக்குக் கடையிலேயே முக்கால்வாசி கிடைக்கும், பெயர்தான் தெரிய வேண்டும். துவரம்பருப்பு அர்ஹர், தோல் நீக்கிய பாசிப்பருப்பு மூங் துலி, கடலைப்பருப்பு சனா தால், கடுகு ராய், வெந்தயம் மேத்தி தானா, பெருங்காயம் ஹீங், புளி இம்லி. தலியா என்று கேட்டால் கோதுமை ரவை தருவார்கள். மும்பையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் பொட்டுக்கடலை என்று நினைத்து வாங்கிச் சட்னி அரைத்த கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு. அரிசிதான் சிக்கல். சேலா என்றால் புழுங்கல் என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பாஸ்மதி சேலாவில் இட்லி வார்த்தால் பிரியாணி வாசம் வரும்.

இட்லி அரிசி, பொன்னி, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், வாழையிலை, மாவத்தல் வகையறாவுக்கு மாதம் ஒரு நடை ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்விடுங்கள். மெட்ரோ மஞ்சள் தடத்தில் தில்லி ஹாட் - ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கலாம். கேரளக் கடைகள் வரிசையாக உண்டு, மீனும் அங்கேயே. கரோல்பாக் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே நம் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன. ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற நாளில் அங்கே வருகிற மாமிகளிடம் கேட்டால் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று வரைபடமே போட்டுத் தருவார்கள். மீன், கருவாடு சமைப்பதாக இருந்தால் வீடு எடுக்கும்போதே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் நெத்திலிக் கருவாடு வறுத்து, மூன்று மாடிக்காரர்கள் கதவைத் தட்டிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

தேங்காயை வாங்கிய அன்றே முழுதும் துருவி, கைப்பிடி கைப்பிடியாக உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். கறிவேப்பிலைத் தொட்டி பால்கனியில் இருந்தாலும் டிசம்பர், ஜனவரியில் செடி இலை உதிர்த்துத் தூங்கப் போய்விடும். நவம்பரிலேயே பறித்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

புளி எப்போதும் அரைக் கிலோ இருக்கட்டும். 2023 ஜூலையில் இங்கே தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அரசே வண்டி வைத்து முதலில் கிலோ 90 ரூபாய்க்கு விற்றது. பக்கத்து வீடுகளில் எல்லாம் அதே பேச்சு. நாங்கள் அந்த மாதம் வத்தக்குழம்பும் மிளகுரசமுமாக ஓட்டிவிட்டோம்.

பருப்பு வேகவில்லை, மாவு பொங்கவில்லை

புதிதாக வந்தவர்கள் போன் செய்து அழுவது இந்த இரண்டுக்குத்தான். பல பேட்டைகளில் குழாய்த் தண்ணீர் கடினம். அதில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பருப்பின் தோலையும் சதையையும் இளக விடாது. எட்டு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முத்து முத்தாக நிற்கும். பருப்பில் குறை இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அதிலேயே வேகவிடுங்கள். புளி, பருப்பு வெந்த பிறகுதான்.

மாவு விஷயம் கொஞ்சம் நீளம். என் முதல் ஜனவரியில் ராத்திரி அரைத்து வைத்தேன். காலையில் அப்படியே இருந்தது. மறுநாள் காலையும் அப்படியே. ரூம் ஹீட்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பக்கம் வெந்து ஏடு கட்டியது, மறுபக்கம் ஐஸாக இருந்தது. கடைசியில் வெங்காயம் நறுக்கிப் போட்டு அடை என்று பெயர் வைத்துச் சாப்பிட்டோம்.

இப்போது செய்வது இது. நாலுக்கு ஒன்று என்கிற உளுந்தைக் குளிர்காலத்தில் மூன்றுக்கு ஒன்றாகக் கூட்டுகிறேன், வெந்தயம் ஒரு ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் ஐந்து நிமிஷம் நன்றாகக் கலக்கிவிடுவேன். உப்பு இப்போது இல்லை, பொங்கிய பிறகுதான். அணைத்து வைத்த மைக்ரோவேவுக்குள் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் ஒரு செம்பு கொதிக்கிற தண்ணீர். படுக்கப் போகும்போது ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் பதினெட்டு மணி நேரத்தில் எழும்பிவிடும். அதாவது வெள்ளிக்கிழமை ராத்திரி அரைத்தால் சனிக்கிழமை ராத்திரிக்குத்தான் இட்லி, காலைக்கு இல்லை. மே மாதம் தலைகீழ்: ஐஸ் தண்ணீரில் அரைத்து, அப்போதே உப்புப் போட்டு, நாலைந்து மணி நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள்.

தயிரும் அப்படித்தான். குளிரில் பாலைக் கொஞ்சம் கூடுதல் சூட்டோடு உறை ஊற்ற வேண்டும். உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் "ஜாமன்" என்று கேளுங்கள், இல்லை என்று சொல்லாமல் தருவார்கள்.

எங்கள் வாரம்

மாவு இருக்கிற மூன்று நாள் முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம். இரண்டு நாள் சப்பாத்தி. தொட்டுக்கொள்ளக் கூட்டே போதும், இதற்கென்று குருமா வைக்க உட்காராதீர்கள். ஒரு நாள் சோறு. ஒரு நாளைச் சும்மா விட்டுவிடுவோம், அது மிச்சம் மீதிக்கு. தலியா உப்புமா எந்த நாளுக்கும் மாற்று ஆட்டக்காரர். இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியும் பார்த்தோம். இரண்டே வாரம்தான், அதன்மேல் காலண்டர் தொங்கவிட்டாகிவிட்டது.

அம்மாவிடம் கேட்டு எழுதுவது

வீட்டுக் குறிப்பு என்பது வீட்டில் யாரும் எழுதி வைக்காதது. போனில்தான் கேட்க வேண்டும். என் அம்மா பாளையங்கோட்டைக்காரி.

"எவ்ளோ புளிம்மா?"

"எலுமிச்சங்கா தண்டி எடுத்துக்கோய்யா."

"எந்த எலுமிச்சை? இங்க நெல்லிக்காய் சைஸ்லதான் இருக்கு."

"நம்ம வீட்டு எலுமிச்சங்காதான். கையில உருட்டிப் பாரு, தெரியும்."

கைக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுபோய், அம்மா உருட்டிய புளியை வாங்கி வைத்துப் பார்த்தேன். 30 கிராம். அவர் "உப்பு கொஞ்சம்" என்பது ஒன்றரை ஸ்பூன். "ஒரு கை அரிசி" என்பது அவர் கைக்கு 50 கிராம், என் கைக்கு 70. ஊருக்குப் போகிறவர்கள் அவசியம் இதைச் செய்யுங்கள். அம்மா போடுவதற்கு முன்னால் கையை மறித்து, தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, பிறகு போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் திட்டுவார்கள்.

போனிலேயே எழுதுவதானால் அளவைக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள், அடையாளத்தைக் கேளுங்கள். என்ன நிறம் வரணும், என்ன வாசம், எண்ணெய் பிரியணுமா, கரண்டியில் ஒட்டணுமா, வழியணுமா. அதற்கு அம்மாக்கள் துல்லியமாகப் பதில் சொல்வார்கள்.

அப்படி எழுதிய ஒன்றை இங்கே தருகிறேன். உளுந்தஞ்சோறு. தில்லிக்கென்றே செய்த மாதிரிச் சாப்பாடு. இதற்கு வேண்டிய தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து இங்கே எந்தக் கடையிலும் உரத் சில்கா என்று கிடைக்கும். காய் ஒன்றும் இல்லாத ராத்திரிக்கு இதுதான்.

அரிசி ஒரு தம்ளர், உளுந்து அரை தம்ளர். வெறும் குக்கரில் உளுந்தைச் சின்னத் தீயில் வறுங்கள். தோல் கறுப்பு என்பதால் நிறத்தை நம்ப முடியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். வடை வாசம் வரும், அப்போது அடுப்பை நிறுத்துங்கள். அரிசியைக் களைந்து சேர்த்து, உரித்த பூண்டு பன்னிரண்டு பல், வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், தேங்காய்த் துருவல் அரை தம்ளர், உப்பு, ஆர்.ஓ. தண்ணீர் நாலு தம்ளர். நாலு விசில். தானாக ஆவி அடங்கித் திறந்தால் பூண்டு விரலில் நசுங்க வேண்டும், சோறு குழைவாக, ஆனால் களியாகாமல் இருக்க வேண்டும். சூட்டோடு மேலே நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்: மூன்று ஸ்பூன் எள்ளைப் படபடவென வெடிக்கும்வரை வறுத்து, வறுத்த மிளகாய் வத்தல் நாலு, சுண்டைக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைப்பது. ஜனவரியில் பஞ்சாபிகளின் லோஹ்ரிப் பண்டிகைக்காகக் கடையெல்லாம் எள் குவிந்திருக்கும், அப்போது வாங்கி வையுங்கள். துவையல் அரைக்கச் சோம்பலாக இருந்தால் சுட்ட அப்பளம்.

நாம் கொடுப்பது

இப்போது நாங்கள் மயூர் விகாரில் இருக்கிறோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா எனக்கு ராஜ்மா சொல்லிக் கொடுத்தார். ராத்திரி முழுக்க ஊறணும், மசாலாவோடு சேர்த்துக் கொதிக்கும்போது நாலு பருப்பைக் கரண்டியால் நசுக்கி விடணும், அப்போதுதான் குழம்பு கெட்டிப்படும் என்றார். பதிலுக்கு அவர் கேட்டது ரசம். ஹிந்தியில் அழகாக எழுதிக் கொடுத்தேன்: இம்லி இவ்வளவு, காலி மிர்ச் இவ்வளவு, ஜீரா இவ்வளவு, தட்டிப் போடவும், கொதிக்க விடவும்.

மறுநாள் கிண்ணத்தில் கொண்டுவந்தார். அரை மணி நேரம் கொதிக்கவிட்டிருக்கிறார். கறுத்து, கஷாயம் போல. பாவம், அவர்கள் ஊரில் எதையும் நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் ருசி. நுரை கட்டி மேலே வந்ததும் அணைக்க வேண்டும் என்பதை நான் எழுதவே இல்லை, நமக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை அல்லவா. அன்றிலிருந்து யாருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தாலும் கடைசி வரியில் எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்பதை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுவிடுகிறேன். அவர் இப்போது என்னைவிட நன்றாக ரசம் வைக்கிறார், கொத்தமல்லி மட்டும் ஒரு கட்டுப் போடுகிறார்.